பிஷப் ஊருக்குப் பாறை ஏற கேம்பர் வேனில் போவது: எங்கே நிறுத்துவது, நாம் அங்கே உண்மையிலேயே கெடுதல் செய்கிறோமா?

ஃப்ரீமான்ட்பாறை எழுதியது:

நான்கு வருடமாகப் பாறை ஏறுகிறேன், வீடு கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட். நவம்பர் பிறந்தால் மார்ச் முடியும் வரை மாதம் ஒரு வாரக்கடைசியாவது கிழக்கு சியராவில் இருக்கும் பிஷப்புக்குப் போய்விடுவோம், அதிலும் பட்டர்மில்க் பாறைகள் என்றால் எங்களுக்கு உயிர். இதுவரை காரும் கூடாரமும்தான். இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகிற குளிர், விரல் தோல் வெடித்து மறுநாள் ஒரு பிடிகூடப் பிடிக்க முடியாது. அதனால் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பழைய ஃபோர்டு டிரான்சிட் ஒன்று வாங்கி, படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றலாம் என்று பேசி முடித்திருந்தோம்.

போன மாதம் ஒத்திகை மாதிரி ஒரு நண்பரின் வேனை வாங்கிக்கொண்டு போனோம். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பியதால் பட்டர்மில்க் ரோட்டுக்கு வந்து சேர இரவு 11 தாண்டிவிட்டது. ரோட்டோரம் வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் நிறைந்திருந்தது, வரிசையாக வேன்கள். இன்னும் கொஞ்சம் மேலே போய், ஒரு இடம் வெறுமையாகத் தெரிந்ததால் பின்பக்கமாக ஏற்றி நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டோம்.

காலையில் 60 வயது இருக்கும் ஒருவர் நாயோடு நடந்து வந்தார். சத்தம் போடவில்லை. இறங்கி வந்து பின் சக்கரத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் ஒரு சேஜ்பிரஷ் புதர் அடிக்கட்டையோடு பிளந்து கிடந்தது. அந்தச் செடிக்கு உங்களைவிட வயது அதிகமாக இருக்கலாம் என்றார். போன வாரம் வரை இங்கே வண்டி நிறுத்தும் இடமே கிடையாது, இன்றைக்கு நீங்கள் நின்றதைப் பார்த்து நாளைக்கு இன்னொருவர் நிற்பார், அடுத்த வாரம் இது ஒரு பார்க்கிங் ஆகிவிடும் என்றார். மன்னிப்புக் கேட்டோம், தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் சரியாக ஏறவே இல்லை. நாம் இயற்கையை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் அங்கே போகிறோம், இல்லையா? அதனால் இங்கே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். காரும் கூடாரமும் செய்வதைவிட வேன் அதிகக் கெடுதல் செய்கிறதா? இரவில் முறையாக எங்கே நிறுத்துகிறீர்கள்? ஊர்க்காரர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். வேன் வாங்குவதை இன்னும் முடிவு செய்யவில்லை, உண்மையைச் சொல்லலாம்.

தெற்குவாசல் எழுதியது:

தம்பி, கேட்டதே நல்லது. நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், 395 நெடுஞ்சாலை வழியாக 12 வருடமாகப் போய் வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்னது முழுக்கச் சரி, பட்டர்மில்க் ரோடு என் கண் முன்னாலேயே அப்படித்தான் அகன்றது. ஒரே நாளில் யாரும் நிலத்தை அழிக்கவில்லை. ஒருவர் எதிரே வந்த டிரக்குக்கு வழிவிட ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்குவார், அடுத்தவர் அந்தத் தடத்தின் மேல் நிறுத்துவார், மூன்றாவது ஆள் அங்கே நாற்காலி போட்டு நெருப்பு மூட்டுவார். கூடாரம் போடுகிறவர் காரை ரோட்டோரம் விட்டுவிட்டுப் பத்தடி நடந்து ஒரு திட்டில் படுத்துவிடலாம். வேனுக்கு அது முடியாது, படுக்கிற இடமே வண்டிதான், அதனால் சமதளமும் தனிமையும் தேடி வண்டியையே உள்ளே கொண்டுபோகத் தோன்றும். நீளமான உயரக்கூரை டிரான்சிட் 22 அடி வரும், ஒரே தடவையில் திருப்ப முடியாது, முன்னும் பின்னுமாக மூன்று தடவை போய்வந்தால் நான்கு புதர் போச்சு.

அந்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க வெறும் மணல் மாதிரி இருக்கும், ஆனால் பல இடங்களில் மேலே மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இருக்கிறது. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள படலம் அது. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும், பெய்கிற கொஞ்ச நஞ்ச ஈரம் தங்குவதும் அதனால்தான். ஒரு சக்கரம் ஏறினால் உடைந்துவிடும், பழையபடி வளர பல பத்தாண்டுகள் ஆகும். நம் ஊர் மாதிரி ஒரு மழைக்காலம் வந்தால் புல் முளைத்துத் தடம் மறைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, சியரா மலை மழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது, பிஷப் மழைமறைவுப் பிரதேசம்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. நமக்கு ஏற நல்ல பருவம் குளிர்காலம். அதே குளிர்காலத்தில்தான் மலை மேல் பனி மூடியதும் மியூல் மான் கூட்டம் இறங்கி ரவுண்ட் வேலிப் பக்கத்து அடிவாரத்துக்கு வருகிறது. அப்போது அவற்றுக்கு முக்கியமான தீனி பிட்டர்பிரஷ் என்ற புதர். நாம் இடைஞ்சலாக இருக்கிறது என்று மிதித்துத் தள்ளுவதும், விறகு கிடைக்கவில்லை என்று சிலர் ஒடித்து எரிப்பதும் அந்த மாதிரிப் புதர்களைத்தான். இரவு ஜெனரேட்டர் சத்தம், தலையில் கட்டிய விளக்கு, கட்டாமல் விட்ட நாய், இதெல்லாம் பட்டினியில் இருக்கும் மானை ஓடவைக்கும். ஓடினால் சேர்த்துவைத்த கொழுப்பு கரையும், அதை ஈடுகட்டத் தீனி கிடையாது.

நிறுத்துவதைப் பற்றி. முதலில் நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள், அங்கே மூன்று பேர். பட்டர்மில்க் இன்யோ தேசிய வனத்தில் வருகிறது. ஹேப்பி, சேட் போல்டர்கள் என்ற பாறைக் கூட்டங்கள் இருக்கும் எரிமலைப் பீடபூமி மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பிஎல்எம்மிடம். பள்ளத்தாக்கின் தரையில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நீர், மின்சாரத் துறையிடம் இருக்கிறது, அங்கே பகலில் போகலாம், இரவில் தங்கக் கூடாது. வேனுக்கு என் முதல் தேர்வு எப்போதும் பிட்தான், அதாவது பிஎல்எம் நடத்தும் பிளசன்ட் வேலி பிட். பெயரே சொல்கிறபடி அது முன்பு சரளை தோண்டிய குழி, ஏற்கெனவே கிளறிப்போட்ட நிலம், வேன் நின்று புதிதாகக் கெடுக்க அங்கே ஒன்றுமில்லை. கழிப்பறை இருக்கிறது, கட்டணமும் குறைவு. அழகு இல்லை என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கதவைத் திறந்தால் மலை தெரிய வேண்டும், அதைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்ற ஆசைதான் பாதி வேன்களைப் புதருக்குள் கொண்டுபோகிறது என்பது என் எண்ணம்.

வனத்துக்குள்தான் தங்கப்போகிறீர்கள் என்றால் ஊருக்குள் இருக்கும் ஒயிட் மவுண்டன் வனச்சரக அலுவலகத்தில் இந்தப் பருவத்து விதி என்ன என்று கேட்டுவிட்டுப் போங்கள், விதி மாறிக்கொண்டே இருக்கிறது. முக்கியமாக, இரவு 11 மணிக்கு மேலே ஏறாதீர்கள். உங்களுக்கு நடந்ததற்கு வேனைவிட அந்த நேரம்தான் காரணம். இருட்டில் எந்த இடமும் வெறுமையாகத்தான் தெரியும். வெள்ளி இரவு கீழேயே படுத்துவிட்டு, விடிந்தபின் பாறைக்கு ஏறுங்கள்.

ஓவன்ஸ்கரை எழுதியது:

நான் பிஷப்பிலேயே இருக்கிறேன், ஆறாவது வருடம், மருத்துவமனையில் வேலை. பாறையும் ஏறுவேன், ஆனால் இந்த பதிலை ஊர்க்காரியாக எழுதுகிறேன்.

ஊரில் 4,000 பேர்கூட இல்லை. நல்ல வாரக்கடைசியில் கடைத்தெருவில் பார்த்தால் வேன், கார் மேல் பேட் (விழுந்தால் தாங்குகிற மெத்தை), வேன், கார் மேல் பேட். யாருக்கும் வெறுப்பு இல்லை, பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் பாறைச்சாமான் கடையும் இந்தக் கூட்டத்தால் குளிர்காலத்திலும் நடக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 1913இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் 1920களிலேயே ஓவன்ஸ் ஏரி வறண்டது, ஏரிப்படுகையிலிருந்து கிளம்பிய தூசி பிற்காலத்தில் நாட்டிலேயே மிக மோசமான காற்றுமாசு என்று பேசப்பட்டது. அதற்கும் முன்பே இங்கத்துப் பழங்குடிகளான பாயூட் மக்களின் நிலம் பறிபோனது. அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பயஹூநாடு என்கிறார்கள், நீர் ஓடும் இடம் என்று பொருள். இந்த நிலத்தின் மேல் ஒரு சக்கரத் தடம் கூடுதலாக விழுவதை ஊர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு இவ்வளவு பின்கதை இருக்கிறது. நாயோடு வந்த அந்த மனிதர் சத்தம் போடாமல் பேசியது பெரிய விஷயம்.

எரிமலைப் பீடபூமியில் பாறைச் செதுக்கோவியங்கள் இருக்கின்றன, பாயூட் மக்களுக்கு அவை புனிதமானவை. 2012இல் அங்கே சிலவற்றை ரம்பம் வைத்து அறுத்துத் திருடிக்கொண்டு போனார்கள், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மீட்டார்கள். அதைச் செய்தவர்கள் பாறை ஏறுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் யாராவது வண்டியை ரோட்டைவிட்டு இறக்கிப் பீடபூமிக்குள் ஓட்டிப்போனால் இங்கே மக்களுக்கு வயிறு கலங்கும்.

வேனில் இருப்பவர்கள் எல்லோரும் சுற்றுலா வந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றியிருக்கும் நிலமெல்லாம் அந்த நகரத் துறையிடமும் மத்திய அரசிடமும் இருப்பதால் ஊர் விரிய வழியில்லை, புது வீடு கட்ட மனை கிடைக்காது, வாடகை கொடுத்து மாளாது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஒரு குளிர்காலம் முழுக்க வேனில்தான் இருந்தாள், இரவுப் பணி முடித்துப் பகலில் வேனில் தூங்குவாள். வெளியூர் வேன்கள் ரோட்டோரத்தை அடைத்துக் குப்பை போட்டு, அதனால் புகார் வந்து, நிறுத்தத் தடை என்று பலகை வைத்தால் முதலில் அடிபடுவது இவளைப் போன்றவர்கள்தான். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஒரு வீடு இருக்கிறது.

கழிப்பறை விஷயத்தை வெட்கப்படாமல் சொல்கிறேன், எங்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. வேன் வைத்திருப்பவர்கள் எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்பார்கள், கேட்டால் அடுப்பு இருக்கும், காபி அரைக்கிற இயந்திரம் இருக்கும், மலம் கழிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. காலையில் கையில் காகிதச் சுருளோடு பாறைக்குப் பின்னால் போவார்கள். இந்த வறண்ட மண்ணில் புதைத்தாலும் சீக்கிரம் மக்காது, நாயும் கயோட்டியும் தோண்டிவிடும், காகிதம் காற்றில் பறந்து புதரில் மாட்டிக்கொண்டு வசந்தம் வரை அங்கேயே இருக்கும். வேக் பேக் என்று மலம் கழிக்கிற பை விற்கிறார்கள், உள்ளே ஈரத்தைக் கட்டியாக்கும் பொடி இருக்கும், முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து ஊரில் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். அதை வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று அல்ல, ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வேனுக்கு அடியில் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள், சோற்றுப் பருக்கைக்கு எலி வரும், எலி வந்தால் அடுத்து நிற்கிற வண்டியின் ஒயரைக் கடிக்கும்.

மூன்றுபேட் எழுதியது:

நான் இரண்டு வருடம் வேன் வைத்திருந்து விற்றுவிட்டேன், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

குளிர்காலத்தில் டயோகா கணவாய் மூடியிருக்கும், 9,900 அடிக்கு மேல் இருக்கிறது, பெரும்பாலும் மே கடைசி, ஜூன் ஆகும் திறக்க. அதனால் ஃப்ரீமான்டிலிருந்து தாஹோ பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், போக வர சுமார் 700 மைல். என் டிரான்சிட் சாமான் எல்லாம் ஏற்றியபின் கேலனுக்கு 16 மைல்தான் கொடுத்தது. 44 கேலன் வருகிறதா, ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 8.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக ஒரு வாரக்கடைசிக்கு 390 கிலோ. அதே தூரம் கேலனுக்கு 50 மைல் கொடுக்கும் ப்ரியஸில் போனால் 14 கேலன், 125 கிலோ. அதில் மூன்று பேர் போனால் தலைக்கு 42 கிலோ. நான் பெரும்பாலும் வேனில் தனியாகத்தான் போனேன், காரணம் படுக்கை ஒருவருக்குத்தான் வசதி, நண்பர்கள் அவரவர் வேனில் வந்தார்கள். நான்கு பேர் ஏற நான்கு வேன்! ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு வேன் நின்றது.

தெற்குவாசல் அண்ணா நிலத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நேரம் தவறியதுதான் காரணம், வேன் இல்லை என்று அவர் சொல்வதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். வேன் வாங்கியதும் போகிற தடவை கூடிவிடுகிறது. பணம் போட்டாயிற்று, சும்மா நிற்கிறதே என்று மாதம் ஒன்று போனவன் மாதம் மூன்று போனேன். பருவநிலை தவறியது, மலையில் பனி குறைந்துபோச்சு என்று பேசிக்கொண்டே 390 கிலோ, 390 கிலோ, 390 கிலோ. இதுதான் எனக்குக் கடைசியில் பொறுக்கவில்லை.

ஒருவர் வேனிலேயே முழுநேரமும் வாழ்ந்து, ஓர் இடத்தில் சட்டம் அனுமதிக்கும் 14 நாளும் நகராமல் நின்று, நடந்தே பாறைக்குப் போனால் அவருடைய கணக்கு வேறு. வாடகை வீட்டில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வாரக்கடைசிக்கு வேன் ஓட்டுகிற நம்மைவிட அவர் குறைவாகத்தான் எரிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் மாதிரி வாரக்கடைசிக்காரர்களுக்கு வேன் அவசியம் இல்லை என்பதுதான் என் முடிவு. குளிருக்கு நல்ல தூக்கப்பை வாங்குங்கள், வேனுக்குப் போடுகிற ஹீட்டர் விலைகூட வராது.

பேருந்து இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். ரீனோவிலிருந்து 395 வழியாக பிஷப்புக்குக் கிழக்கு சியரா போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து வருகிறது, நான் ஒருமுறை அதில் வந்திருக்கிறேன். ஆனால் மூன்று பேட்டோடு ஊரில் இறங்கியபின் பட்டர்மில்க் போக வண்டி இல்லை, கை காட்டி ஏறித்தான் போனேன். வாரக்கடைசியிலாவது ஊரிலிருந்து பாறைக்கு ஒரு சிறு பேருந்து விட்டால் அந்த மண்ரோட்டில் நிற்கிற வண்டியில் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

கல்லும்கயிறும் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. இதே வேனை எடுத்துக்கொண்டு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கும் போவீர்கள், அங்கே விதி வேறு. பூங்காவுக்குள் முகாம் இடத்துக்கு வெளியே வண்டியில் தூங்கக் கூடாது, ரேஞ்சர் நள்ளிரவில் ஜன்னலைத் தட்டி எழுப்பி அபராதம் போடுவார். பாறை ஏறுகிறவர்களின் பழைய கோட்டையான கேம்ப் 4 கூடாரத்துக்கு மட்டும், வண்டியில் படுக்க அங்கேயும் இடமில்லை. இருட்டியபின் வண்டிக்குள் சாப்பாடு வைப்பதும் தடை, கரடி கதவைக் காகிதம் மாதிரி கிழித்துவிடும், மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைச் சில சமயம் கொல்லவும் வேண்டியிருக்கிறது. வேனில் சமையலறையே இருக்கிறது என்பது அங்கே வசதி இல்லை, தொல்லை.

லோன் பைன் பக்கத்து அலபாமா ஹில்ஸையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். முன்பு எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படுக்கலாம். 2019இல் அதைத் தேசிய இயற்கையெழில் பகுதியாக அறிவித்தார்கள், கூட்டம் தாங்காமல் இப்போது குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம். பட்டர்மில்க்கும் அந்த வழியில்தான் போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, நானே முன்பு அங்கே கண்ட இடத்தில் நிறுத்தியவன், இப்போது எண் போட்ட இடத்தில் நிறுத்துகிறேன், நடுவில் இருந்த தடங்களில் புதர் தலைகாட்டுகிறது.

ஃப்ரீமான்ட்பாறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஓவன்ஸ்கரை அக்கா, வேனில் தூங்கி வேலைக்குப் போன அந்தப் பெண்ணைப் பற்றி நண்பர்களிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ரோட்டோரத்தில் நாங்கள் பிடிக்கிற இடம் வேறு யாருக்கோ வீடு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றுபேட் போட்ட கணக்கை எங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று பேரும் ஒரே வேனில் போனால் தலைக்கு 130 கிலோ, இப்போது இருக்கும் காரில் அதில் பாதிக்கும் கீழே. மூன்று பேரும் சேர்ந்து ஒரே வேனில் எல்லாத் தடவையும் போவோம் என்று சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்டதில் ஒருவன் முடியாது என்று ஒப்புக்கொண்டான். அதனால் வேன் இந்த வருடம் இல்லை. தூக்கப்பை வாங்குகிறோம், வேக் பேக் ஒரு கட்டு வாங்கியாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தப் புதரைத் திரும்ப நட முடியுமா? அதே இடத்துக்குப் போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

ஓவன்ஸ்கரை எழுதியது:

நீங்களாக நடாதீர்கள் தம்பி, வெளியிலிருந்து வாங்கிய செடி இங்கே பிழைக்காது, வேறு விதையும் கூட வந்துவிடும். அந்த இடத்தில் அடுத்த வண்டி ஏறாமல் இருந்தாலே போதும், மண் தானாகப் பார்த்துக்கொள்ளும், நாளாகும். வனச்சரக அலுவலகத்தில் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள், அவர்கள் கல் வைத்து அடைப்பார்கள். இங்கே பாறை ஏறுகிறவர்கள் கூடிக் குப்பை பொறுக்குவதும், பழைய தடங்களில் காய்ந்த கிளைகளைப் போட்டு மறைப்பதும் அவ்வப்போது நடக்கும், அலுவலகத்தின் அனுமதியோடுதான். அடுத்த தடவை வரும்போது ஒரு நாள் முன்னால் இங்கே எழுதுங்கள், கையுறையும் மண்வாரியும் என்னிடம் இருக்கிறது. வண்டியை என் வீட்டு முன்னால் விட்டுவிடலாம், என் டிரக்கிலேயே எல்லோரும் மேலே போய்விடுவோம்.